தேயிலைப் பெட்டியில் போன இன்ஜின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சென்னைக்கு அனுப்பிய பழைய கார் இன்ஜின் வழியில் உடைந்ததில் பாதித் தப்பு என்னுடையது. மீதி லாரிக்காரர்களுடையது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு உடைசலாகப் பார்த்தபோது அந்த மீதியிலும் ஒரு பங்கு என் கணக்கிலேயே வந்து விழுந்தது.

குன்னூரில் எனக்குச் சின்னதாக ஒரு பட்டறை. பழைய வண்டிகளைப் பிரித்து, தேறுகிற சாமான்களைச் சுத்தம் செய்து, அதே மாடலை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அனுப்புவதுதான் வேலை. மலையில் இதற்குச் சரக்குப் பஞ்சம் இல்லை. எஸ்டேட் பங்களா கராஜுகளில் முப்பது வருடமாக ஸ்டார்ட் ஆகாத வண்டிகூட ‘இருக்கட்டும்’ என்று நின்றுகொண்டே இருக்கும். கோத்தகிரிப் பக்கம் அப்படி நின்ற அம்பாசிடர் மார்க் 2 ஒன்று கிடைத்தது. பாடி முழுக்கத் துரு, கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்துவிடும். ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் அருமையாக இருந்தன.

கேட்டவர் சென்னைக்காரர். அவரிடமும் 1960களின் மார்க் 2 ஒன்று இருக்கிறது, இன்ஜினின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பில், தண்ணீர் ஓடும் பக்கம் விரிசல் விட்டு நிற்கிறது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு ‘விஏ’ வரிசை எண் தரும் விதி 2021இல் வந்ததிலிருந்து இப்படிப்பட்டவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் பதிவுக்கு வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. அதனால் ஏதோ ஒரு டீசல் இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்து ஓட்டுகிற பழைய வழி அவருக்கு உதவாது. அதே 1489 சி.சி. பெட்ரோல் பிளாக்தான் வேண்டும். பிளாக், அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட், கியர்பாக்ஸ், முன்பக்க கிரில், இவ்வளவும் அனுப்பச் சொன்னார்.

நான் செய்த பேக்கிங்கை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. குன்னூரில் 1963இலிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. அந்தக் காலத்துத் தேயிலை எல்லாம் தகர விளிம்பு அடித்த பிளைவுட் பெட்டியில்தான் போகும். இப்போது காகித மூட்டைதான், ஆனாலும் பழைய பெட்டிகள் ஊரில் பாதி வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. என் பட்டறையிலும் நாலைந்து இருந்தன. பார்க்க உறுதியாக இருக்கும், மூடி இருக்கும், ‘இதைவிட என்ன வேண்டும்’ என்று தோன்றும். பிளாக்கை ஒரு பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் தெர்மாகோல் செருகி, மேலே இடம் இருக்கிறதே என்று ஹெட்டையும் சாக்கில் சுற்றி அதற்குள்ளேயே வைத்தேன். ஹெட்டைப் பிடிக்கப் பிளாக்கில் நட்டிருக்கும் மரை போட்ட கம்பிகளை, அந்த ஸ்டட்களைக்கூடக் கழற்றவில்லை. கியர்பாக்ஸ் இன்னொரு பெட்டியில், படுத்தவாக்கில். கிரில்லைக் கோணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்பக்கமே கட்டினேன். மூன்றையும் பிளாஸ்டிக் தாளால் ஒரு சுற்றுச் சுற்றியாயிற்று.

ஐப்பசி மாதம், நல்ல மழை. பர்லியார் பாதையில் மண் சரிந்து, லாரிகளை எல்லாம் கோத்தகிரி வழியாக இறக்கிக்கொண்டிருந்த வாரம் அது. சாமான் சென்னைக்குப் போய்ச் சேர ஆறு நாள் ஆனது. ஏழாம் நாள் காலை ஃபோன். “சார், ஒருதடவை நீங்களே வந்து பாத்துருங்க, என்னால போட்டோவில சொல்ல முடியல.”

பிரித்துப் பார்த்தபோது

அவரிடம் ஒரு நல்ல குணம், உடைந்ததைப் பார்த்தவுடன் எதையும் எடுத்து அடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். நான் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகள் அவர் வீட்டு போர்டிகோவில் வந்த கோலத்திலேயே கிடந்தன. இந்த ஆய்வுக்கு அதுதான் அடிப்படை. பொறுக்கி எடுத்துவிட்டால் எது எங்கே இருந்தது என்பது போய்விடும், பிறகு ஆளுக்கு ஒரு கதை சொல்ல வேண்டியதுதான்.

பிளாக் பெட்டியின் அடிப்பலகை ஒரு மூலையில் கிழிந்திருந்தது. பிளாக்கின் கீழ் விளிம்பு, அதாவது எண்ணெய்த் தொட்டியான சம்ப் உட்காரும் விளிம்பு, அந்த மூலையில் போல்ட் ஓட்டையோடு சேர்ந்து சில்லாகப் பெயர்ந்திருந்தது. ஹெட்டின் அடிமுகத்தில், கேஸ்கெட் உட்காரும் இடத்தில், குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். தெர்மோஸ்டாட் மூடி இரண்டு துண்டு. சிலிண்டர்களின் உட்சுவரில் செம்மண் பூசினாற்போல மெல்லிய துரு. கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கில், அதாவது இன்ஜினோடு சேரும் அகன்ற வாய்ப் பகுதியில், போல்ட் மாட்டும் காது ஒன்று உடைந்து தனியாகக் கிடந்தது. கிரில்லைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வெளியே கட்டிய கிரில் என்ன ஆகுமோ அது ஆனது.

பார்த்தவர்கள் எல்லாரும் சொன்ன முதல் காரணம் மலைப்பாதை. மலை என்றாலே கொண்டை ஊசி வளைவு, லாரி அதில் ஆட்டி ஆட்டி இறங்கும்போது உடையாமல் என்ன செய்யும் என்றார்கள். நானும் ஊரில் இருபது வருடமாக இதையேதான் சொல்லிவந்தேன். கணக்குப் போட்டால் அது நிற்கவில்லை.

லாரியில் சரக்கைக் கட்டுவதற்கு ஐரோப்பாவில் ஒரு தரநிலை உண்டு. அதன்படி, ஓட்டுநர் உயிர் போகிற மாதிரி பிரேக் அடித்தாலும் சரக்கு முன்பக்கம் தள்ளும் விசை அதன் எடையில் 0.8 மடங்கு என்று வைத்துக் கட்டினால் போதும். வளைவில் பக்கவாட்டுக்கு 0.5 மடங்கு. நம் ஊர் லாரி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு இறங்கும்போது அந்த அளவும் வராது. பிளாக்கும் ஹெட்டும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ இருந்த பெட்டிக்கு, எவ்வளவு மோசமான வளைவிலும் பக்கவாட்டில் 40 கிலோவுக்குள்தான் தள்ளு. அதனால் வார்ப்பிரும்பு உடையாது.

இப்போது அதே பெட்டி முழங்கால் உயரத்திலிருந்து, 50 சென்டிமீட்டர் என்று வையுங்கள், கை நழுவித் தரையில் விழுகிறது. சிமெண்டுத் தரையில் விழுந்து 5 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், நிறுத்தும் விசை சராசரியாக எடையில் நூறு மடங்கு. ஏழரை டன். அந்த ஏழரை டன்னும் ஒரு மூலையில், ஒரு போல்ட் ஓட்டை இருக்கும் மெல்லிய விளிம்பில் இறங்கினால்? அதுவே 5 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் பத்து மடங்குதான். அமுங்கும் தூரம் எவ்வளவோ அதற்குத் தகுந்த மாதிரி அடி குறைகிறது, வேறு சூட்சுமம் எதுவும் இல்லை.

அப்படி விழுந்திருக்க முடியுமா என்று வழியைக் கணக்குப் பார்த்தேன். குன்னூரில் ஏற்றம், மேட்டுப்பாளையம் கிடங்கில் இறக்கம், அங்கே மறு ஏற்றம், கோவையில் இறக்கம், ஏற்றம், சென்னையில் இறக்கம், வீட்டுக்குக் கொண்டுவர டெம்போவில் ஏற்றம், வாசலில் இறக்கம். எட்டு முறை கை மாறியிருக்கிறது. பார்சல் ஷெட்டுகளில் இறக்குவதை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தரையில் ஒரு பழைய லாரி டயரைப் போட்டு அதன் மேல் தள்ளிவிடுவார்கள். அது ஒன்றும் அக்கிரமம் இல்லை, அரிசி மூட்டைக்கும் துணி பேலுக்கும் நல்ல வழிதான். ஊருக்குத் திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு லோடுமேனிடம் கேட்டேன். “ஒத்த ஆள் தூக்குற பெட்டின்னா தூக்கிப் போடுவோம்ணே. ரெண்டு பேர் பிடிக்கிற மாதிரி பிடி இருந்தா பிடிச்சு வைப்போம். பிடியும் இல்லாம கனமும் இருந்தா உருட்டத்தானே முடியும்?” இதைவிடத் தெளிவாக எந்த இன்ஜினியரும் எனக்கு விளக்கியதில்லை. என் தேயிலைப் பெட்டி அந்த மூன்றாவது வகை. 75 கிலோ, பிடிக்க ஒரு கயிறுகூட இல்லை, சதுரமாக வேறு இருக்கிறது, உருட்டுவதற்கென்றே செய்த மாதிரி.

தேயிலைப் பெட்டியின் கோளாறும் இங்கேதான். அது நாற்பது ஐம்பது கிலோ தேயிலையைச் சுமக்கச் செய்த பெட்டி. தேயிலை பெட்டி முழுக்கப் பரவி எல்லாப் பலகையிலும் சமமாக அழுத்தும். இரும்பு அப்படி அழுத்தாது, தன் நாலு மூலையில் மட்டும் நிற்கும். மெல்லிய பிளைவுட்டுக்கு அது உளி வைத்த மாதிரி. தெர்மாகோலும் முதல் அடியிலேயே நசுங்கி, நசுங்கினது நசுங்கினபடியே நின்றுவிட்டது, அதற்குப் பிறகு பிளாக்குக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. சென்னை வரை 500 கிலோமீட்டருக்கு மேல் அந்த இடைவெளியில் பிளாக் ஆடிக்கொண்டே போயிருக்கிறது. ஹெட் முகத்தில் இருந்த கீறல்கள் ஒரே அடியில் வந்தவை அல்ல, கழற்றாமல் விட்ட ஸ்டட்கள் சாக்கைத் துளைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உரசி வந்த கோடுகள். ஆக உடைசல் எல்லாம் ஷெட்டில் விழுந்த அடி, கீறல் எல்லாம் சாலையில் ஆடிய ஆட்டம். இரண்டும் வேறு வேறு நோய், ஒரே மருந்து கேட்காது.

காது சொன்ன சேதி

பெல் ஹவுசிங் காதைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தேன். புதிதாக உடைந்த வார்ப்பின் முகம் சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி பளிச்சென்று சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கும். இந்தக் காதில் மூன்றில் ஒரு பங்குதான் அப்படி இருந்தது. மீதி இரண்டு பங்கு கறுப்பு, பழைய எண்ணெய்க் கசடு ஊறிப்போன கறுப்பு. விளங்கிவிட்டது. அந்த விரிசல் என் பட்டறைக்கு வரும்போதே இருந்திருக்கிறது, எந்தக் காலத்திலோ யாரோ கியர்பாக்ஸை இறக்கும்போது ஜாக்கி நழுவவிட்டிருக்கலாம். பயணம் செய்ததெல்லாம் மீதி ஒரு பங்கை முடித்துவைத்ததுதான்.

அதுவரை பார்சல் ஆபீஸில் போய் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வசனம் எழுதிவைத்திருந்தேன். எல்லாம் அப்படியே வற்றிவிட்டது. வாங்கியவரிடம் காட்டினேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். கியர்பாக்ஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இதைக் கண்டுபிடிக்க மிஷின் எதுவும் தேவையில்லை, நம் மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்வதுதான். சந்தேகமான இடத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் விடுவது, பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடியைப் பூசுவது. விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் பொடியில் கோடாக எழும்பும். குடம் வாங்கும்போது தட்டிப் பார்க்கிற மாதிரி சின்னச் சுத்தியலால் தட்டியும் பார்க்கலாம், நல்ல வார்ப்பு கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது மொத்தென்று சொல்லும். பத்து ரூபாய் செலவில் ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விட்டேன்.

துரு மட்டும் ஏன் வந்தது என்பது கொஞ்சம் நேரம் பிடித்தது. மழையில் நனையவில்லை, பெட்டியின் உட்பக்கம் காய்ந்துதான் இருந்தது, பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறது, பின் எப்படி? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்தால் வெளியே முத்து முத்தாக வியர்க்கிறதே, அதே சங்கதிதான். குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர் உயரம், அந்த வாரம் இரவெல்லாம் குளிர். பட்டறையில் கிடந்த இரும்பு சில்லிட்டுப் போயிருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் லாரி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது, அங்கே காற்று சூடு, மழைக்கால ஈரம் வேறு. 50 கிலோவுக்கு மேல் கனமுள்ள இரும்பு அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. ஒரு சுற்று மட்டும் சுற்றிய பிளாஸ்டிக்கின் இடுக்கு வழியே ஈரக் காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த சிலிண்டர் சுவரில் தண்ணீராகப் படிந்திருக்கிறது. அப்புறம் அதே பிளாஸ்டிக் அந்தத் தண்ணீரை வெளியே போகவும் விடவில்லை. நான் துருவைத் தடுக்கச் சுற்றியதுதான் துருவைக் காப்பாற்றி வளர்த்திருக்கிறது. மலையிலிருந்து சமவெளிக்கு இரும்பு அனுப்புபவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கீழிருந்து மேலே வரும் சாமான்களில் நான் இதைப் பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை

மூன்று மாதம் கழித்து கூடலூர்ப் பக்கம் இன்னொரு மார்க் 2 சிக்கியது. அதிசயம், அதே மனிதர் என்னிடமே கேட்டார், பிளாக், கிராங்க், ஹெட், கியர்பாக்ஸ், கிரில் ஐந்தும் வேண்டும் என்று. இந்தத் தடவை நான் எதையும் கட்டுவதற்கு முன்னால் ஊர் ஆசாரியிடம் போனேன். உடைந்த படங்களைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார், “தம்பி, இதுக்குப் பெட்டி செஞ்சு பிரயோஜனம் இல்ல. கட்டில் செய்வோம். அது மேல படுக்க வெச்சுக் கட்டிட்டா அது எங்கே போகும்?”

இரும்புச் சாமான் எதுவானாலும் வண்டியில் அது எங்கேயோ போல்ட் போட்டு நின்றுதான் நாற்பது வருடம் ஓடியிருக்கிறது. அந்த எடையையும் அந்த அதிர்வையும் தாங்க வேண்டிய இடம் எது என்று வடிவமைத்தவர்களே முடிவு செய்து, அங்கே தடிமன் கொடுத்து, ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். பேக்கிங் செய்பவன் அதே இடத்தில் பிடித்தால் போதும். நான் முதல் தடவை செய்தது அதற்கு நேர் எதிர், பிடிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, எடையைத் தாங்கவே கூடாத விளிம்பையும் காதையும் தாங்க வைத்தேன்.

மரம் சில்வர் ஓக், தேயிலைத் தோட்டத்து நிழல் மரம். கனம் குறைவு, ஆணிக்கும் திருகுக்கும் பிளக்காது. கற்பூர மரம் (யூகலிப்டஸ்) மலிவாகக் கிடைக்கும், ஆனால் பச்சையாக வாங்கினால் காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும், அதன் ஈரமே இரும்புக்குத் துருவும் கொடுக்கும். நாங்கள் ஒரு வருடத்துக்கு மேல் காய்ந்த மூன்றுக்கு மூன்று இன்ச் சட்டம் இரண்டை அடியில் போட்டோம், அதன் மேல் 18 எம்.எம். பிளைவுட், அதன் மேல் பிளாக்கின் கீழ் விளிம்பு முழு நீளத்துக்கும் உட்காரும்படி இரண்டு கட்டைகள். நாலு மூலையில் நிற்கவே கூடாது, விளிம்பு முழுக்க உட்கார வேண்டும் என்பதில் ஆசாரி என்னைவிடக் கண்டிப்பாக இருந்தார், இழைத்து இழைத்துத் தாள் நுழையாத அளவுக்குக் கொண்டுவந்தார். இன்ஜினின் முன் தட்டையும் பின் தட்டையும் அதனதன் அசல் போல்ட்டுகளாலேயே பிளாக்கில் மாட்டி, அந்தத் தட்டுகளை நிமிர்ந்து நிற்கும் கட்டைகளோடு ஊடுருவும் போல்ட் போட்டு இறுக்கினோம்.

அசல் போல்ட் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்ற இந்த பி.எம்.சி. வம்ச இன்ஜின்களில் மரை யு.என்.எஃப்., அதாவது இன்ச் கணக்கில் போகும் மரை. கடைகளில் கேட்டவுடன் கையில் கிடைப்பது மெட்ரிக் போல்ட். 5/16 இன்ச் என்பது 7.94 மில்லிமீட்டர், 8 எம்.எம். போல்ட்டை வைத்தால் சரியாகவே இருக்கிற மாதிரி தோன்றும், இரண்டு சுற்று கையாலேயே ஏறும். ஆனால் யு.என்.எஃப்.பில் இன்ச்சுக்கு 24 மரை, அதாவது மரைக்கு மரை 1.06 மில்லிமீட்டர் தூரம், எட்டு எம்.எம். போல்ட்டில் அது 1.25. மூன்றாவது சுற்றில் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் பிளாக்கில் உள்ள மரையைச் சீவிக்கொண்டு உள்ளே போகும். பத்திரமாக அனுப்ப வேண்டும் என்று போல்ட் போட்டே பிளாக்கைக் கெடுத்தவர்கள் உண்டு. பழைய போல்ட்டுகளை ஓட்டைக்கு ஓட்டை அடையாளம் போட்டு டப்பாவில் வைத்திருந்தது இந்தத் தடவை என்னைக் காப்பாற்றியது.

கிராங்க் ஷாஃப்டைப் பிளாக்கோடு பிடித்துக்கொள்ளும் மெயின் பேரிங் கேப்கள் மூன்றையும் (இந்த 1489 சி.சி. இன்ஜினில் மூன்றுதான்) பிளாக்கிலேயே மாட்டி, அந்தந்த இடத்தில் அந்தந்தக் கேப் என்று பார்த்து இறுக்கினோம். எடை குறையட்டும் என்று சிலர் அதைக் கழற்றித் தனிப் பையில் போடுவார்கள். கேப்களும் பிளாக்கும் சேர்த்து மாட்டியே போரிங் செய்தவை, அதாவது துளை கடைந்தவை, ஒன்று தொலைந்தாலோ இடம் மாறினாலோ லேத் பட்டறையில் மறுபடி முழுக்க லைன் போரிங். இன்ஜின் எண் இருக்கும் இடத்தை முதலில் படம் எடுத்து, அதன் மேல் ரப்பர் துண்டு வைத்துக் கட்டினேன். வேறு பிளாக் மாட்டினால் ஆர்.சி.யில் இன்ஜின் எண் மாற்றத்தைப் பதிய வேண்டும், எண் உரசி அழிந்த பிளாக்கை வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்ன பேசினாலும் எடுபடாது.

ஹெட்டைத் தனியாக்கினேன். ஸ்டட் ஓட்டைகள் வழியே போல்ட் விட்டு இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே அழுத்திப் பிடித்தாயிற்று, கேஸ்கெட் முகத்துக்கும் பலகைக்கும் நடுவே எண்ணெய் தடவிய தடித்த காகிதம். தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியே வைத்தேன், முதலிலேயே அதைச் செய்திருக்கலாம், மூன்றே நட்டு. நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் கழற்ற முடியுமானால் கழற்றிவிட வேண்டும்.

கிராங்க் ஷாஃப்டுக்கு மரத்தில் வி வடிவ வெட்டு மூன்று, பேரிங்கில் சுழலும் பகுதிகளான மெயின் ஜர்னல் மூன்றும் அதில் உட்கார, மேலே அதே மாதிரி கட்டை வைத்து மூடி இறுக்கினோம். ஃபிளைவீலைக் கழற்றித் தனியாகப் போட்டேன். ஒரு முனையில் அந்தக் கனம் தொங்கிக்கொண்டு போவது கிராங்குக்கு நல்லதல்ல.

கியர்பாக்ஸ்தான் யோசிக்க வைத்தது. கடைசியில் அதைக் கவிழ்த்து, பெல் ஹவுசிங்கின் அகன்ற வாய் கீழே பலகையில் முழுக்கப் படியும்படி நிறுத்தினோம். முன் ஷாஃப்டின் மூக்கு அந்த வாயைத் தாண்டி வெளியே நீட்டும், அது போய் இடிக்காமல் பலகையில் வட்டமாக ஓட்டை, அடியில் சட்டம் இருப்பதால் தரையிலும் படாது. காதுகளின் ஓட்டைகள் எல்லாவற்றிலும் போல்ட், ஒரு காதுமேல் மட்டும் பாரம் விழ வழியில்லை. எண்ணெயை வடித்து அடைப்பான் போட்டாயிற்று, கசிந்தால் பக்கத்தில் இருக்கும் அடுத்தவர் சேலை பண்டலுக்கு யார் பதில் சொல்வது?

பிறகு துரு. சிலிண்டரிலும் ஜர்னலிலும் கிரீஸ் தடவி, மொத்தத்தையும் தடித்த பாலித்தீன் பையில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயைச் சூடு வைத்து ஒட்டினோம். பத்து சுற்று சுற்றுவதைவிட இடுக்கு இல்லாமல் ஒருமுறை ஒட்டுவது மேல். வியர்த்தாலும் பைக்கு வெளியே வியர்க்கட்டும். வாங்கியவரிடமும் சொல்லி வைத்தேன், வந்தவுடன் ஆசையில் பையைக் கிழிக்காதீர்கள், ஒரு முழு நாள் அப்படியே கிடக்கட்டும் என்று.

அடியில் மெத்தை வைக்கலாமா என்று எனக்கும் ஆசாரிக்கும் ஒரு சண்டை. ஸ்பாஞ்ச் வேண்டாம் என்பது என் கட்சி, லாரியே ஸ்பிரிங்மேல் குதிக்கிறது, அதன் மேல் இன்னொரு ஸ்பிரிங் வைத்தால் சேர்ந்து குதிக்கும். சரி, ஆனால் விழுந்தால் அமுங்க ஏதாவது வேண்டுமே என்பது அவர் கட்சி. அதுவும் நியாயம்தான். கடைசியில், சட்டத்துக்கு அடியில், தரையைத் தொடும் பக்கம், பழைய லாரி டயரை வெட்டி இரண்டு அடுக்காக அடித்தோம். ஐந்து சென்டிமீட்டர் அமுங்காது, ஒரு சென்டிமீட்டராவது அமுங்கும். அதுவே அடியைப் பாதியாக்கும்.

எடையைப் பிரித்ததற்கும் லோடுமேன் சொன்னதுதான் வழிகாட்டி. பிளாக் கட்டில் மரத்தோடு சேர்த்து இரண்டு பேர் தூக்கும் கனம், இரண்டு பக்கமும் சட்டத்தையே நீட்டிப் பல்லக்கு மாதிரி பிடி. அகலம் உயரத்தைவிட அதிகம், உருட்ட நினைத்தாலும் உருளாது. மூடி போடவில்லை, சுற்றிலும் ரீப்பர் கூண்டு மட்டும். உள்ளே இருப்பது இன்ஜின் என்று கண்ணுக்குத் தெரிந்தால் மனுஷன் கை தானாக மெதுவாகும், ‘உடையும் பொருள்’ என்று எழுதி ஒட்டிய அட்டைக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. கிரில் இந்தத் தடவை தனி. பொள்ளாச்சிப் பக்கம் செய்கிற ரப்பர் போட்ட தென்னை நார் மெத்தையில் பழசு ஒன்று வீட்டில் இருந்தது, அதை வெட்டி இரு பக்கமும் வைத்துக் கட்டியதோடு அந்தக் கதை முடிந்தது.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது எது என்றால், வழியைக் குறைத்தது. குன்னூரில் புக் செய்யாமல் நானே ஒரு பிக்கப்பில் ஏற்றிக் கோவை வரை கொண்டுபோய், சென்னைக்கு நேராகப் போகும் லாரியில் போட்டேன். சென்னையில் வாங்கியவர் தன் ஆட்களோடு வந்து ஷெட்டிலேயே எடுத்துக்கொண்டார். எட்டாக இருந்த கைமாற்றத்தில் முன்பின் தெரியாத கைகள் இரண்டே இரண்டு. பிக்கப் வாடகை கடித்தது உண்மைதான், இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம்.

நஷ்ட ஈடு பற்றி

முதல் சரக்குக்கு ஏதாவது கிடைத்ததா என்று கேட்பீர்கள். எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’, அதாவது சேதமானால் சரக்குக்காரர் பொறுப்பு, என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது, அதைப் பார்த்தே பலர் விட்டுவிடுவார்கள். சாலைவழி சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007இல் ஒரு சட்டம் இருக்கிறது, 2011இல் நடைமுறைக்கு வந்தது. புக் செய்யும்போதே மதிப்பை எழுதிக்கொடுத்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், பொறுப்பு பொதுவாகக் கட்டிய வாடகையில் பத்து மடங்கு வரைதான். வழக்குக்குப் போவதென்றால் அதற்கு முன், புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நான் மதிப்பு எழுதவில்லை. ரசீதில் ‘பழைய இரும்பு’ என்று இருந்தது, வாடகை குறையட்டும் என்று நானே சொல்லி எழுத வைத்தது. பழைய இரும்பு உடைந்தால் பழைய இரும்புதானே! ஒரு கடிதம் எழுதினேன், ஹெட்டை மட்ட முகம் சீவிய கூலிக்குச் சமமாக ஒரு தொகை வந்தது, வாங்கிக்கொண்டேன். கியர்பாக்ஸைக் கேட்கவில்லை, அந்தக் கறுப்பு இரண்டு பங்கை நான் பார்த்துவிட்டேனே.

இரண்டாம் சரக்கு நாலாம் நாள் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் பொறுத்துப் பையைப் பிரித்திருக்கிறார், சிலிண்டரில் விரலை விட்டு எடுத்தால் கிரீஸ் மட்டும்தான் வருகிறது என்று படம் அனுப்பினார். கட்டிலின் ஒரு சட்டத்தில் பெரிய நெளிசல், டயர் துண்டு ஒன்று பாதி பெயர்ந்திருந்தது. எங்கேயோ ஒரு தடவை விழுந்திருக்கிறது. பிளாக்கில் கீறல் இல்லை.

போன மாதம் அவர் தன்னுடைய பழைய, விரிசல் விட்ட பிளாக்கை வெல்டிங் பார்க்க எனக்கு அனுப்பிவைத்தார், அதே கட்டிலில், அதே முறையில், கூண்டு எல்லாம் நேர்த்தியாக அடித்து. நான் அனுப்பிய அசல் போல்ட்டுகள் அவர் புது இன்ஜினுக்குப் போய்விட்டனவாம். பின் தட்டைக் கழற்ற ஸ்பேனரை வைத்தேன், ஒரு சுற்றிலேயே கை நின்றுவிட்டது. எட்டு எம்.எம். போல்ட், ஆறு ஓட்டையிலும்.